மத்தியானப் புறா

கெத்ஸல் ரெபேயை உட்கார வைக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை. பையன்களுக்கு வேதம் சொல்லித்தருகிற வாத்தியார் அவர், வகுப்பில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவருடைய தொப்பிதான் உட்கார்ந்திருக்கும். அவர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். வேதத்தில் ஒரு சொல்லைப் பாடுவார், அதற்கு எங்கள் வீட்டுப் பேச்சான யித்திஷில் அர்த்தத்தைப் பாடுவார், பையன்கள் அதைத் திருப்பிப் பாடி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சுவரை போய்த் திரும்பியிருப்பார். பெய்த் இஸ்ராயேல் தெருக்களில் செருப்புத் தைக்கிறவர்கள் அவரைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுவார்கள் என்று எருசலேமில் பாதிப் பேர் சொல்லிச் சிரிப்பார்கள்.

சின்ன வயதில் இதற்காகவே வாங்கிய அடி கொஞ்சநஞ்சம் இல்லை. படிப்பு வராமல் இல்லை. தலை நன்றாகவே ஓடும். ஒரு பக்கத்தின் முன்னால் சும்மா இரு என்றால்தான் உயிர் போகும். கல்யாணம் ஆனதும், நாள் முழுக்கத் தால்முத் என்கிற பெரிய சட்ட நூலைப் படிக்கிற இளைஞர்களோடு கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஒரு மாதத்தில் மேஜைக்காரர்கள் எல்லாம் புகார் சொல்லிவிட்டார்கள். இவர் காலை ஆட்டி ஆட்டி மேஜையே ஆடுகிறது, எழுத்து கண்ணில் நிற்கவில்லை என்று. அந்தச் சமயம் பார்த்து, பக்கத்துச் சந்தில் இருக்கிற ஹெதரில், அதாவது எங்கள் பையன்கள் வேதம் படிக்கப் போகிற பள்ளிக்கூடத்தில், ஒரு ரெபே காய்ச்சலில் விழுந்தார். இரண்டு நாளைக்குப் பார்த்துக்கொள் என்று கெத்ஸலை அனுப்பினார்கள். ஏழு வயதுப் பையன்களின் நடுவில் போய் நின்றதும் அவருக்குச் சொந்த ஊர் வந்து சேர்ந்த மாதிரி இருந்ததாம். அங்கேயும் ஒருத்தனுக்கும் உட்காரத் தெரியவில்லையே!

அதற்குப் பிறகு அவரை யாரும் அங்கிருந்து நகர்த்தவில்லை. மற்ற ரெபேக்கள் பிரம்பால் சொன்னதை இவர் காலால் சொன்னார். ஆபிரகாம் விருந்தாளிகளைப் பார்த்து ஓடினார் என்று வந்தால், வகுப்பே மாடிப்படியில் இறங்கி, முற்றத்தைக் கடந்து, ரொட்டியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஓடும். தொலைந்த பொருளைக் கண்டெடுத்தால் சொந்தக்காரனிடம் சேர்க்க வேண்டும் என்ற பாடத்துக்கு, பையன்களின் குல்லாக்களை எல்லாம் ஒளித்துவைத்துவிட்டு, "யாரோடது, அடையாளம் சொல்லு!" என்று தெருமுனை வரை கூவ விடுவார். குல்லா இல்லாத தலையைக் கையால் பொத்திக்கொண்டு இருபத்தெட்டுப் பேர் ஓடுகிற காட்சியைப் பார்க்க எதிர்வீட்டுப் பெண்கள் துணி காயப்போட வந்து நிற்பார்கள்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். கெத்ஸல் ஊட்டி வளர்த்த ஊரான் பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை. தன் பிள்ளைதான் வரவில்லை. ரைஸலைக் கட்டிப் பதினோரு வருஷம் ஆயிற்று. ரைஸல் அவருக்கு நேர் எதிர். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் சட்டை தைத்து முடியும்வரை நகர மாட்டாள். முதல் வருஷங்களில் தெருவே அவள் வாசலில் நின்றது. இந்தக் கல்லறையில் போய் மெழுகுவத்தி ஏற்று, அந்த மகானிடம் ஆசி வாங்கு, விருத்தசேதன விருந்தில் தேன்கேக் சாப்பிடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவளும் எல்லாவற்றையும் செய்தாள். பிறகு ஒவ்வொருத்தராகச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். சொன்னபோது எரிச்சலாக இருந்தது. நிறுத்தினபோதுதான் வலித்தது. ஊர் கைகழுவிவிட்டது என்று கெத்ஸலுக்குப் புரிந்தது அப்போதுதான்.

எலுல் மாதம் வந்தால் தண்ணீரில் மீனும் நடுங்கும் என்று எங்களில் சொல்வது வழக்கம். வருஷக் கணக்கு முடிகிற மாதம். தினமும் காலையில் ஆட்டுக்கொம்பு ஊதி, மனுஷா, விழித்துக்கொள் என்று எழுப்புகிற மாதம். அந்த எலுலில்தான், கெத்ஸலின் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, இரும்புக் கம்பிக்கும் கண்ணாடி பதித்த மரக்கதவுக்கும் இடையில் ஒரு காட்டுப்புறா கூடு கட்டி இரண்டு முட்டை இட்டது.

இட்ட நேரத்தைப் பாருங்கள். வாராந்தர வேதப் பகுதியில் பறவைக்கூட்டைப் பற்றிய கட்டளையேதான் அடுத்து வருகிறது. வழியில் ஒரு பறவைக்கூடு கண்ணில் பட்டு, தாய் முட்டையின்மேல் உட்கார்ந்திருந்தால், தாயைப் போகவிடு, குஞ்சுகளை உனக்கென எடுத்துக்கொள், உனக்கு நன்மை உண்டாகும், உன் நாட்கள் நீடிக்கும். 'குஞ்சுகளை உனக்கென' என்று இருக்கிறதல்லவா? அதைப் பிடித்துக்கொண்டுதான், பிள்ளையில்லாதவன் இதைச் செய்தால் அவனுக்குப் பிள்ளை கிடைக்கும் என்று எங்கள் முன்னோர் நம்பினார்கள், நாங்களும் நம்புகிறோம். இந்த நகரத்தில் பறவைக்கூடு தேடி மொட்டைமாடி மொட்டைமாடியாக அலைகிற புருஷன்மார் உண்டு. ஒரு கூட்டில் ஒருவர், ஒரே தடவை. மறுபடி மறுபடி துரத்தினால் அது கட்டளை இல்லை, கொடுமை என்று எங்கள் பெரியவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

முதலில் பார்த்தவன் நோஸன். வாய் ஓயாத பயல். "ரெபே! முட்டை! ரெபே! முட்டை!" என்று அவன் போட்ட கூச்சலில் புறா பறந்தே போயிற்று. கெத்ஸல் அன்றைக்கே சட்டம் போட்டார். இனி இந்த வகுப்பில் குசுகுசுப்புதான். ஜன்னலைத் திறக்கக் கூடாது, பெஞ்சை இழுக்கக் கூடாது. அப்புறம் என்ன, இருபத்தெட்டுப் பேரும் ரகசியம் பேசுகிற குரலில் வேதம் பாடினார்கள். தும்மல் வந்தவன் பக்கத்துப் பையனின் தோளில் முகத்தைப் புதைத்துத் தும்மினான்.

பாடத்துக்கு நடுவே எல்லார் கண்ணும் கூட்டின்மேல்தான். நடந்துகொண்டிருந்த கெத்ஸல் கண்ணும். அப்படிப் பார்த்ததில்தான் ஒன்று தெரிந்தது. கூட்டில் உட்காருவது ஒரு புறா இல்லை, இரண்டு. ஒன்றுக்கு வாலில் ஒரு இறகு முறிந்து தொங்கிற்று. காலை இடைவேளை முடிந்து பையன்கள் மேலே வரும்போது முறிந்த வால் வந்து உட்காரும். வெயில் சாய்கிறவரை அதுதான். சாய்ந்தபின் மற்றது வரும், ராத்திரி முழுக்க இருக்கும்.

"முறிஞ்ச வாலுதான் அப்பா," என்றான் நோஸன் குசுகுசுவென்று.

"எப்பிடிடா சொல்ற?"

"அது வந்த உடனே கழுத்த உப்பிக்கிட்டு, குனிஞ்சு குனிஞ்சு, குர்ர் குர்ர்னு சுத்துது ரெபே. அம்மா கண்டுக்கவே மாட்டேங்குது. எங்க அப்பா வெள்ளிக்கிழமை லேட்டா வந்தா இப்பிடித்தான் சுத்துவாரு."

வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. கெத்ஸலுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பையன் சொன்னது சரி. புறாக்களில் ஆண்தான் அப்படி ஆடும். சட்டமும் தெளிவு. வேதம் சொல்வது தாயை. தகப்பன் பறவை உட்கார்ந்திருக்கும்போது துரத்தினால் அது வெறும் துரத்தல், கட்டளை நிறைவேறியதாகாது. ஆகவே செய்வதானால் சாயங்காலம்தான் செய்ய வேண்டும்.

செய்வதானால் என்றா சொன்னேன்? அவருக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. பையன்களுக்கும் தெரிந்துவிட்டது. ஏழு வயதுப் பிள்ளைகளிடம் எதை மறைக்க முடியும்? ஒருநாள் மதியம் நோஸன் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"ரெபே, நீங்கதான் பண்ணணும். நாங்க பேசி வெச்சுட்டோம்."

"என்னடா பேசி வெச்சீங்க?"

"தினம் சாப்பாட்டுக்கு முன்னாடி உங்களுக்காக ஒரு சங்கீத ஜெபம் சொல்றோம். உங்களுக்குப் பையன் பொறந்தா நம்ம வகுப்புக்குத்தானே வருவான்?"

கெத்ஸல் கடைசி பெஞ்சுக்கு நடந்துபோய், அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் திரும்பினார்.

ரைஸலிடம் அவர் சொல்லவில்லை. எத்தனை தடவை அவள் நம்பிக்கையை ஏற்றிவிட்டு இறக்கியாயிற்று! இன்னொரு தடவை வேண்டாம், செய்யும் நாளில் கூட்டிக்கொண்டு போவோம் என்று வைத்திருந்தார். அதற்கு முன்னால் ஹெதர் தலைவர் ரெப் ஷாயாவிடம் கேட்க வேண்டும். ஜன்னல் ஹெதருடையது, கூட்டுக்கு உரிமை கொண்டாட மாட்டோம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேட்க வெட்கம். பதினோரு வருஷத்துக்குப் பிறகும் இவனுக்கு ஆசை விடவில்லை பார் என்று நினைப்பாரோ என்று வெட்கம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். ராத்திரியில் எழுந்து சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தார். "கால்ல எறும்பா?" என்று ரைஸல் படுக்கையிலிருந்தே கேட்பாள். "எலுல்," என்பார்.

அவர் கேட்பதற்குள் ரெப் ஷாயாவே மேலே வந்துவிட்டார். காரணம் அந்தக் குசுகுசுப்புதான். ஹெதர் என்றால் கூச்சல். கூச்சல் இல்லை என்றால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். பக்கத்து வகுப்பு ரெபே போய், "கெத்ஸல் வகுப்புல சாவு விழுந்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவைத்திருந்தார். கதவைத் திறந்த ரெப் ஷாயா, பையன்கள் பார்த்த பக்கம் தானும் பார்த்தார். பார்த்ததும் அந்தப் பெரிய மனிதர் முகம் ஒரு கணம் அவிழ்ந்துபோயிற்று.

"ஃப்ரூமா," என்றார்.

ஃப்ரூமா அவருடைய கடைசிப் பெண். கெத்ஸல் அங்கே வேலைக்கு வந்தபோது முற்றத்தில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தவள். அன்ஷெல் என்ற பையனுக்குக் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் ஒன்றும் இல்லை.

"கெத்ஸல், இது அந்தப் புள்ளைங்களுக்கு மேலேருந்து வந்தது. நாளைக்கு மத்தியானம் அன்ஷெல வரச் சொல்றேன். எல்லா வகுப்பும் பாக்கட்டும். பாடத்துல இருக்கறத கண்ணால பாக்கற பாக்கியம் எத்தன பசங்களுக்குக் கிடைக்கும்?"

"ரெப் ஷாயா, நான்..." என்று ஆரம்பித்தார் கெத்ஸல்.

"என்ன, நீயா?" ரெப் ஷாயா அவரைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் அடுத்த வார்த்தை அவ்வளவு மென்மையாக வந்தது. "அடடா, கெத்ஸல். அவங்க சின்னவங்கப்பா. நீ புரிஞ்சிக்குவ."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கெத்ஸல் தலையை ஆட்டினார். வேறென்ன செய்வார்? சம்பளம் கொடுக்கிற மனிதர், அதைவிட, ஒரு தகப்பன். ஆனால் ரெப் ஷாயா வாசலைத் தாண்டும்போதுதான் அந்தச் சொல் கெத்ஸல் காதில் மறுபடி ஒலித்தது. மத்தியானம். மத்தியானம் உட்கார்ந்திருப்பது முறிந்த வால் அல்லவா?

ஒரே ஒரு வார்த்தை. 'சாயங்காலம் வரச் சொல்லுங்க.' அவ்வளவுதான். வாய்வரைக்கும் வந்தது. கெத்ஸல் அதை அப்படியே விழுங்கிவிட்டார். அவர்கள் மத்தியானம் செய்துவிட்டுப் போகட்டும். அது ஆணை விரட்டியதுதான், செய்ததாகவே கணக்கில்லை. சாயங்காலம் தாய் வரும், கூடு அப்படியே இருக்கும். யாரிடமும் எதையும் பிடுங்கவில்லையே, சும்மா இருக்கிறேன், அவ்வளவுதானே? இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அன்று முழுக்க நடந்தார். சொல்லச் சொல்ல அது இன்னும் அசிங்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. மத்தியானம் வகுப்பில் நிற்க இடமில்லை. வாசலிலும் மாடிப்படியிலும் பையன்கள் தலை. அன்ஷெல் ஓய்வுநாளில் போடுகிற சாபத் அங்கியைப் போட்டுக்கொண்டு, உதடு வறண்டு வந்து நின்றான். ஃப்ரூமா ஆண்பிள்ளைகளின் நடுவே மேலே வராமல் கீழே முற்றத்தில், சுவரோரமாக, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கெத்ஸல் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

"ரெபே!" நோஸன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். "ரெபே, இப்ப இருக்கறது அப்பா..."

"ஷ்ஷ்!"

"முறிஞ்ச வாலு ரெபே, பாருங்க, அது..."

"வாய மூடுடா!"

கெத்ஸல் எந்தப் பையனையும் அப்படி அதட்டியதில்லை. நோஸன் கை தானாக விட்டது. அடி வாங்கியிருந்தால்கூட அவன் முகம் அப்படி ஆகியிருக்காது.

அன்ஷெல் மரக்கதவைத் திறந்து கையை வீசினான். முறிந்த வால் படபடவென்று எழுந்து கூரைக்கு மேலே போயிற்று. அவன் இரண்டு முட்டைகளையும் உள்ளங்கையில் தூக்கி, ஜெபத்தைச் சொல்லும்போது குரல் உடைந்தது. எல்லாரும் "மஸல் தோவ்!" என்று வாழ்த்திக் கத்தினார்கள். ரெப் ஷாயா அழுதார். கீழே ஃப்ரூமா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். உயரத் தூக்கினாலே எடுத்துக்கொண்டதாகக் கணக்கு என்பதால் அவன் முட்டைகளைத் திரும்பக் கூட்டில் வைத்ததும், சாயங்காலம் விருந்துக்கு வாருங்கள், எதிர்க்கட்டடத்தில் எங்கள் வீட்டில் என்று ரெப் ஷாயா எல்லா ரெபேக்களையும் அழைத்தார்.

அதற்குப் பிறகு பாடம் எங்கே நடந்தது? கெத்ஸல் ஒரு சொல்லைப் பாடிவிட்டு அடுத்த சொல்லை மறந்தார். பையன்கள் யாரும் குசுகுசுவென்றும் பேசவில்லை. நோஸன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் முறிந்த வால் திரும்பி வந்து உட்கார்ந்தது. கூடு கலையவில்லை என்று கெத்ஸலுக்குச் சந்தோஷமாக இருந்தது. சீ, என்ன பிழைப்பு இது என்று அதே மூச்சில் தோன்றிற்று.

பையன்கள் வீட்டுக்குப் போனதும் ஓடிப்போய் ரைஸலைக் கூட்டி வந்தார். ஏன், எதற்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், வா, வா என்று இழுக்காத குறை. ஹெதர் காலி. வெயில் சாய்ந்திருந்தது. ஜன்னல் அருகே நின்று காட்டினார். கூட்டில் முழு வாலோடு தாய் உட்கார்ந்திருந்தது.

"மத்தியானமே அன்ஷெல் பண்ணிட்டானே," என்றாள் ரைஸல். "தெருவெல்லாம் அதே பேச்சா இருக்கு."

"அது அப்பா புறா!" கெத்ஸலுக்கு மூச்சு வாங்கியது. "மத்தியானம் ஆண்தான் உட்காரும். அவன் பண்ணுனது செல்லாது. ரைஸல், இதுதான் அம்மா. நமக்கு. நமக்குத்தான் இருக்கு."

ரைஸல் புறாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இது எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"போன வாரமே. பசங்கதான் கண்டுபிடிச்சாங்க, கேளேன், அந்த நோஸன்..."

"மத்தியானம் அந்தப் பையன் இங்க நின்னப்போ தெரியுமா?"

கெத்ஸல் பெஞ்சுப் பக்கம் இரண்டடி நடந்து திரும்பினார்.

"ஃப்ரூமா மத்தியானம் நேரா என் மிஷினுக்கு வந்தா. என் கையப் புடிச்சிக்கிட்டு, 'அடுத்து உனக்கு, ரைஸல்'னு அழுதா. வெறும் காத்தக் கையில குடுத்து அனுப்பிட்டு, நீங்க இங்க நின்னு வேடிக்கை பாத்தீங்களா?"

"பதினோரு வருஷம், ரைஸல்!" அவர் கத்தியே விட்டார். புறா கழுத்தை நிமிர்த்தியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பதினோரு வருஷம். அவளுக்கு மூணு. அவளுக்கு இன்னும் நூறு கூடு கிடைக்கும். நமக்குக் கேக்க ஆள் இருக்கா? அந்த மனுஷன் என் முகத்தப் பாத்து, நீ புரிஞ்சிக்குவன்னு சொல்றான்!"

"எனக்கும் கணக்கு தெரியும். உங்களவிட நல்லாத் தெரியும்." அவள் ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள். "எனக்கு ஆசை இல்லைன்னா நினைக்கறீங்க? இந்தக் கையால இப்பவே அத எழுப்பி விட்டுருவேன். ஆனா அப்புறம் ஃப்ரூமா முகத்துல நான் எப்பிடி முழிப்பேன்? போங்க. போய்ச் சொல்லுங்க. வெளிச்சம் போறதுக்குள்ள."

கெத்ஸல் படியிறங்கி ஓடினார். முற்றத்தைத் தாண்டி எதிர்க்கட்டடத்தின் மாடி ஏறினார். கதவு திறந்திருந்தது. மேஜை நிறைய ஹெரிங் மீன், குகல் பலகாரம், தேன்கேக், சோடா பாட்டில்கள். "வந்துட்டாரு நம்ம நடை ராசா!" என்று யாரோ அவருடைய கால்களைக் கிண்டல் செய்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அன்ஷெல் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சமையலறை வாசலில் ஃப்ரூமா தட்டோடு நின்றாள்.

அத்தனை பேர் நடுவிலும் கெத்ஸல் குட்டை உடைத்தார். மத்தியானம் இருந்தது ஆண் புறா. தாய் இப்போதுதான் வந்திருக்கிறது. எனக்கு முன்னாலேயே தெரியும். சொல்லாமல் இருந்துவிட்டேன்.

ரெப் ஷாயாவின் முகம் சிவந்தது.

"ஹெதர் முழுக்கப் பாத்துது. நான் அழுதேன். இப்ப வந்து செல்லாதுங்கறியா? பொறாமை, கெத்ஸல். எலுல் மாசத்துல, என் வீட்டுல வந்து, என் புள்ளைங்க சந்தோஷத்துல மண்ணப் போடறியா?"

"பொறாமைதான், ரெப் ஷாயா. அதனாலதான் மத்தியானம் சொல்லல. இப்ப சொல்றது நெஜம்."

"நடந்தது நடந்ததுதான். என் மாப்பிள்ளை கட்டளைய நிறைவேத்திட்டான். நீ போ."

அன்ஷெல் பாதி எழுந்தான். மாமனாரைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான். கெத்ஸல் திரும்பினார். படியிறங்கும்போது அவருக்கு வெட்கத்தில் காது எரிந்தது. ஆனால் முற்றத்துக்கு வந்ததும் இன்னொன்று உறைத்தது. சொல்லியாயிற்று. வேண்டாம் என்றுவிட்டார்கள். இனி அது யாருடைய கூடு?

மேலே ரைஸல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"சொன்னேன். நம்பல. வர மாட்டாங்க."

அவள் புறாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, "அப்போ நீங்க பண்ணுங்க," என்றாள். சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

கெத்ஸல் மரக்கதவின் கொக்கியில் கை வைத்தார். தாய்ப்புறா ஒரு கண்ணால் அவரையே பார்த்தது. அப்போதுதான் படிக்கட்டில் காலடி கேட்டது. தடதடவென்று, தடுக்கி, மறுபடி தடதடவென்று. ஃப்ரூமா வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கிற்று, தலைத்துணி சரிந்திருந்தது.

"பண்ணியாச்சா?"

கொக்கியின்மேல் இருந்தது கெத்ஸலின் கை. ஆயிற்று என்று சொன்னால் போதும். அவளால் என்ன கண்டுபிடிக்க முடியும்? ரைஸல் இந்தத் தடவை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல," என்றார் கெத்ஸல். கையை எடுத்துக்கொண்டு விலகினார். "வா. அன்ஷெல் எங்கே?"

"அவர் வர மாட்டாரு. எங்கப்பா முன்னாடி அவருக்கு முட்டிக்காலே வேலை செய்யாது. கட்டளை பொம்பளைக்கும் உண்டுதானே, ரெபே?"

"உண்டு. மெதுவாத் திற. கைய வீசாதே, கதவுல ரெண்டு தட்டு தட்டு, அதுவே போயிரும். முட்டைய நல்லா உயரத் தூக்கு."

ஃப்ரூமா தட்டினாள். தாய் எழுந்து, ஜன்னல் கம்பிகளின் வழியாகச் சட்டென்று வெளியே போயிற்று. அவள் இரண்டு முட்டைகளையும் கையில் எடுத்தாள். என்ன கேட்டாளோ, உதடு அசைந்தது. கெத்ஸல் கடைசி பெஞ்சுவரை போய்விட்டுத் திரும்பினார். அவரால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. எனக்கு, எனக்கு, எனக்கு என்று உள்ளே ஒரு குரல் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. அது நிற்கவே இல்லை.

முட்டைகளைக் கூட்டில் வைத்துவிட்டு ஃப்ரூமா திரும்பினாள்.

"மத்தியானம் நான் கீழ நின்னேன். நீங்க என்னப் பாத்தீங்க. ஏன் ரெபே சொல்லல?"

"எனக்கு வேணும்னுதான்."

அவள் தலையை அசைத்தாள். கோபமாகத் தெரியவில்லை. ரைஸலை ஒரு தடவை பார்த்தாள், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நானா இருந்தா கடைசிவரைக்கும் சொல்லியிருக்கவே மாட்டேன்," என்றாள். அதைச் சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று படியிறங்கிவிட்டாள்.

கெத்ஸல் மறுபடி ஜன்னலுக்கு வந்தார். எதிரே மின்கம்பியில் தாய்ப்புறா உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து கூட்டைப் பார்த்தது, உள்ளே நிற்கிற மனிதர்களைப் பார்த்தது. கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி பழைய இடத்துக்கே போயிற்று. ரைஸல் அவர் பக்கத்தில் வந்து நின்று, ஒருபோதும் அழாத அந்த மனுஷி, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முற்றத்தில் இருட்டு ஏறத் தொடங்கியது.

பிறகு அவள்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை விடுவித்தாள்.

"நாம இங்க நிக்கறவரைக்கும் அது வராதுங்க. முட்டை ஆறிப் போயிரும். வாங்க, போலாம்."

கெத்ஸல் மரக்கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். இருவரும் படியிறங்கினார்கள்.